கையோடு வரும் செல்வம்

சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதையில், செங்கற்பட்டை அடைவதற்குச் சற்று முன்னே சிங்கப்பெருமாள் கோவில் என்னும் ஊர் உள்ளது. ஊருக்குப் பெயர் தந்தது அங்குள்ள சிறு குன்றில் அமைந்த கோவில். அக்குன்றைக் குடைந்து அமைத்த குகையில் நரசிங்கப் பெருமாள் வீற்றிருக்கிறார். குன்றின் பெயர் பாடலாத்ரி. பல்லவர் காலத்துக் குடைவரை இது என்பர். பெருமாளின் திருவுருவம் மலையோடு மலையாக ஒன்றியிருப்பதால், அவரை வலம்வர விரும்புவோர் குன்று முழுவதையும் சுற்றிவருதல் வேண்டும்.

பொழுது புலரும் வேளையில் இவ்வூர்ப் புகைவண்டி நிலையத்தில் நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி புலப்படும். வண்டியிலிருந்து இறங்குவோருள் சிலர் பூவும் துளசியும் ஏந்திக் குன்றை நோக்கி நடப்பர். மிகப் பலர், ஒரே நிறச் சட்டை அணிந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பேருந்துகளை நோக்கி விரைவர். அப்பேருந்துகள் ஆப்பூர் வழியாக ஒரகடத்துக்கும், அதற்கப்பால் ஸ்ரீபெரும்புதூருக்கும் செல்லும் சாலையில் திரும்பும். ஒருபுறம் பழங்காலக் கைத்தொழில். மறுபுறம் இக்காலப் பெருந்தொழில். இரண்டுக்கும் நடுவே அமைந்த நாற்சந்தி போல இவ்வூர் விளங்குகிறது.

குகையைக் குடைந்த சிற்பியின் பெயரை அறிந்தவர் எவரும் இலர். அவன் எந்த ஊரான், என்ன கூலி பெற்றான் என்பதும் தெரியவில்லை. ஆனால் அவன் எத்தகைய தொழிலாளி என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. செங்கல் அடுக்கிக் கட்டுபவன் தவறு நேர்ந்தால் ஒரு கல்லை எடுத்துவிட்டு வேறொரு கல்லை வைக்கலாம். மலையைக் குடைபவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓர் அடி மிகையாக விழுந்தால், பெயர்ந்த சில்லை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. ஆகவே அடிக்கும் முன்பே அவன் கை அளவை அறிந்திருக்க வேண்டும். அவ்வறிவு ஏட்டில் எழுதிவைத்ததன்று. பல்லாண்டுப் பழக்கத்தால் கையில் ஊறியது. அரசர் மாறினர், நாடு மாறியது, அந்தக் கையின் அறிவு மட்டும் கல்லில் நிற்கிறது.

இனிச் சாலையின் மறுமுனைக்குச் செல்வோம். சென்ற நூற்றாண்டின் இறுதிவரை இவ்வட்டாரம் ஏரியும் வயலும் புன்செய்யும் நிறைந்த நிலமாகவே இருந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் முதற் கார் வெளிவந்தது. 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. 2006-இல் நோக்கியா நிறுவனம் அங்கே கைப்பேசிகளைச் செய்யத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ, நிஸான் நிறுவனங்களின் கூட்டுத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து கனரக வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் செய்யும் தொழிற்சாலைகள் அமைந்தன. ஏர் பிடித்தவரின் மக்கள் எந்திரம் பிடித்தனர். உழவு பொய்த்த வீடுகளில் மாதந்தோறும் சம்பளம் நுழைந்தது.

இத்தொழிற்சாலைகள் கடல் கடந்து இங்கு வந்தமைக்குக் காரணம் யாது? துறைமுகம் அருகில் இருந்தது, நிலம் கிடைத்தது, அரசு சலுகை அளித்தது, படித்த இளைஞர் திரளாக இருந்தனர். இவற்றோடு மற்றொரு காரணமும் உண்டு. இங்கே கூலி குறைவு. ஒரு நிறுவனம் தன் நாட்டில் செய்துவந்த வேலையைச் செலவு குறைந்த வேறோரிடத்துக்கு மாற்றிவிடுவதும், தானே செய்துவந்ததை வெளியாரிடம் ஒப்படைத்துவிடுவதும் இக்காலத் தொழிலுலகின் இயல்பாகிவிட்டன. வேலை வந்துசேரும் ஊருக்கு அது விழா. வேலை புறப்பட்டுப் போகும் ஊருக்கு அது துயரம்.

இவ்வழக்கத்தின் வேரை ஆங்கில அறிஞர் சார்லஸ் பாபேஜ் என்பார் 1832-இலேயே தம் நூலொன்றில் விளக்கினார். ஒரு வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துவிட்டால், கடினமான கூற்றுக்கு மட்டும் தேர்ந்த தொழிலாளியை அமர்த்தி, எளிய கூறுகளைக் குறைந்த கூலிக்குச் செய்வித்துக்கொள்ளலாம் என்பது அவர் கண்ட உண்மை. அவர் காலத்தில் அக்கூறுகள் ஒரே கூரையின் கீழ்ப் பிரிந்து கிடந்தன. கப்பலும் விமானமும் தந்தியும் கணிப்பொறியும் பெருகிய பின்னர், அவை உலகெங்கும் பிரிந்து சென்றன. பிரித்துச் சொல்லக்கூடிய வேலை எதுவோ, அது அனுப்பிவைக்கக்கூடிய வேலையுமாயிற்று.

வேலை வந்த வழியாகவே திரும்பிப் போகவும் கூடும் என்பதை இவ்வட்டாரம் விரைவில் கண்டது. நோக்கியா நிறுவனம் 2008-இல் ஜெர்மனியின் போகம் நகரத் தொழிற்சாலையை மூடியது. அவ்வேலை ருமேனியாவிலுள்ள குளூஜ் நகரின் அருகே சென்றது. 2011-இல் அதுவும் மூடப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு காலத்தில் எண்ணாயிரம் பேருக்கு மேல் அந்நிறுவனத்தில் நேரடியாக வேலை பார்த்தனர். அவர்களுள் சிற்றூர்களிலிருந்து வந்த இளம் பெண்கள் மிகப் பலர். கைப்பேசிச் சந்தை மாறியது; நிறுவனம் கை மாறியது; வரி வழக்கும் சேர்ந்துகொண்டது. 2014 நவம்பர் முதல் நாள் அங்கு உற்பத்தி நின்றது. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அடுத்துள்ள மறைமலைநகரில் போர்டு நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை இருந்தது. இந்நாட்டில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக அந்நிறுவனம் 2021-இல் அறிவித்தது. மறு ஆண்டு அங்குக் கடைசிக் கார் வெளிவந்தது. அத்தொழிற்சாலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தும் எண்ணத்தை 2024-இல் அந்நிறுவனம் வெளியிட்டது. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தொழிலாளருக்காகக் காத்திருக்கவில்லை.

தொழிற்சாலை மூடப்படும் நாளில் ஒவ்வொரு தொழிலாளியும் தன்னைத் தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறான்: ‘இத்தனை ஆண்டு உழைத்தேன், இவ்வாயிலைக் கடந்து வெளியே செல்லும்போது என்னோடு வருவது என்ன?’

இக்கேள்விக்கு எல்லாரும் ஒரே விடை கூற இயலாது. நாள் முழுவதும் ஒரே உறுப்பை ஒரே இடத்தில் பொருத்தியவர், அந்த உறுப்பும் அந்த இடமும் மறைந்தபின் வெறுங்கையோடு நிற்க நேர்கிறது. அஃது அவருடைய குற்றமன்று. வேலையே அவ்வாறு துண்டாடப்பட்டிருந்தது. ஆனால் எந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நோயை அறியும் பிட்டரும், உருக்குத் துண்டைத் தேய்த்து அச்சு வார்ப்பைச் செப்பமாக்கும் தொழில்வல்லாரும், தகட்டின் மேல் உள்ளங்கையை ஓட்டிக் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தைக் கண்டுபிடிப்பவரும் வேறு விடை கூறுவர். அவர்கள் கற்றது அவர்கள் கையோடு வெளியே வருகிறது.

இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒரகடத்திலேயே இருக்கிறது. அதன் கதையைத் தொடக்கத்திலிருந்து காண்பது நலம்.

இங்கிலாந்தில் ரெடிச் என்பது ஒரு சிறு நகரம். தையல் ஊசி செய்வதில் உலகப் புகழ் பெற்றது அது. ஊசிக்கு வேண்டியது நுட்பம். அந்த நுட்பத்தில் பழகிய கைகள் பின்னர் மிதிவண்டியும், துப்பாக்கிக்குரிய நுண்ணிய உறுப்புகளும் செய்யத் தொடங்கின. 1901-இல் ராயல் என்பீல்டு என்னும் பெயரோடு முதல் மோட்டார் சைக்கிள் அங்கே பிறந்தது. 1932-இல் ‘புல்லட்’ என்னும் வகை தோன்றியது. இந்தியப் படையினர் எல்லைப்புறக் காவலுக்கு ஏற்ற வண்டியாக அதனைத் தேர்ந்தெடுத்தனர். அதன் பயனாக 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனம் அமைந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் உறுப்புகள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டப்பட்டன. 1962-ஐ ஒட்டி உறுப்புகள் அனைத்தும் இங்கேயே செய்யப்பட்டன.

வரைபடங்கள் கடல் கடந்து வந்தன. அச்சுகளும் கருவிகளும் வந்தன. ஆனால் ரெடிச் நகரத் தொழிலாளியின் கைகள் வரவில்லை. அவற்றைப் பெட்டியில் இட்டு அனுப்புவது எங்ஙனம்? அந்தக் கைத்திறனைத் திருவொற்றியூர்க் கைகள் தாமே புதிதாக ஈட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஈட்டின. 1967-இல் ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-இல் ஆங்கில நிறுவனம் வண்டி செய்வதையே நிறுத்தியது. திருவொற்றியூரிலோ வண்டி செய்வது நிற்கவில்லை. 1977-இல் இங்குச் செய்த புல்லட் வண்டி அது பிறந்த நாடாகிய இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. தாய்வீடு மறைந்தபின் மகளே அவ்வூருக்குச் சீர் கொண்டுசென்றது போன்றது அந்நிகழ்ச்சி. 2013-இல் ஒரகடத்தில் அந்நிறுவனத்தின் புதிய தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

அப்புதிய தொழிற்சாலையில் பெரும் எந்திரங்கள் உள்ளன. வண்ணம் தெளிக்கும் எந்திரக் கைகளும் உள்ளன. ஆயினும் ஓரிடத்தில் எந்திரம் ஒதுங்கி நிற்கிறது. புல்லட் வண்டியின் பெட்ரோல் டேங்கின் மேல் மெல்லிய பொற்கோடு ஒன்று ஓடுவதைப் பலர் கண்டிருப்பர். ‘பின்ஸ்டிரைப்’ என்று தொழிலுலகில் அதனை வழங்குவர். பழைய ஆங்கில வண்டிகளில் அக்கோட்டைக் கையால் தீட்டுவது வழக்கம். அவ்வழக்கம் இன்றும் இங்கே அழியவில்லை. சென்னையைச் சேர்ந்த சகோதரர் இருவர் பல ஆண்டுகளாக அக்கோட்டைத் தூரிகையால் தீட்டி வருகின்றனர். அவர்கள் அளவுகோல் வைப்பதில்லை; ஒட்டுத் தாளால் எல்லை கட்டுவதில்லை. கண்ணும் கையும் மூச்சுமே அவர்களுடைய கருவிகள்.

ஒரு கோடு இழுப்பது பெரிய செயலா என்று சிலர் எண்ணலாம். தாளின் மேல் இழுத்துப் பார்ப்பவர்க்கே அதன் அருமை விளங்கும். டேங்கோ தாளைப் போலச் சமதளமன்று; ஓரிடத்தில் புடைத்தும், ஓரிடத்தில் சரிந்தும், ஓரிடத்தில் குறுகியும் வளைந்து செல்வது. வளைந்த பரப்பின் மேல் ஓடும் கோடு, பார்ப்பவர் கண்ணுக்கு வழுவின்றித் தோன்ற வேண்டும். இடப்புறக் கோடும் வலப்புறக் கோடும், ஒருவர் முகமும் கண்ணாடியில் தெரியும் அவர் நிழலும் போல ஒத்திருத்தல் வேண்டும். ஒருபுறம் கை தன்பால் இழுத்து வரும். மறுபுறம் அதே கை தன்னைவிட்டு விலகிச் செல்லும். இரண்டிலும் ஒரே அழுத்தம் வேண்டும்.

கோடு தீட்டும் தூரிகையும் பிற தூரிகைகளைப் போன்றதன்று. அதன் மயிர் மிக நீளமானது. நீண்ட மயிர் மிகுதியான வண்ணத்தைத் தன்னுள் தாங்கிச் சிறிது சிறிதாக விடும். அதனாற்றான் கோடு நடுவில் அறுவதில்லை. வண்ணம் நீர்த்திருந்தால் வழியும், தடித்திருந்தால் இழுபடும், அதன் பதத்தைத் தூரிகையின் நுனியிலேயே உணர வேண்டும். விரல்கள் தூரிகையைப் பிடித்தாலும், இயங்குவது விரல் அன்று. தோளும் உடலும் சேர்ந்தே நகரும். விரலை மட்டும் அசைப்பவனுடைய கோடு நடுங்கும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. இத்தொழிலும் அவ்வாறே கைவரும். முதலில் பயனற்ற தகட்டின் மேல் ஆயிரம் கோடு. பின்னர்ப் பழுதான டேங்கின் மேல் ஆயிரம் கோடு. அதன் பின்னரே விலைக்குச் செல்லும் வண்டியின் மேல் ஒரு கோடு.

மலையைக் குடைந்த சிற்பிக்கு இல்லாத ஒரு வசதி வண்ணக்காரருக்கு உண்டு. கோடு பிழைத்தால், வண்ணம் உலருமுன் துணியால் துடைத்துவிடலாம். ஆயினும் நாள் முழுவதும் துடைத்துக்கொண்டிருப்பவரைத் தொழில் தேர்ந்தவர் என்று யார் சொல்வார்? ஒன்றன்பின் ஒன்றாக வரும் டேங்குகள் காத்திருக்க மாட்டா. ஆகவே சிற்பியைப் போலவே இவரும் தொடும் முன்னே முடிவைக் கண்டுவிட வேண்டும்.

வண்ணக் கோட்டை அச்சிட்ட ஒட்டுவில்லையாக ஒட்டிவிடலாமே என்று கேட்கலாம். பல வண்டிகளில் அவ்வாறே செய்கின்றனர். அது விரைவானது, மலிவானதும் கூட. அங்ஙனமிருந்தும் இக்கைத்தொழில் நிலைத்தது ஏன்? வாங்குவோர் வேறுபாட்டை உணர்ந்தனர். கையால் தீட்டிய கோட்டில் தூரிகை தொட்ட இடமும் விட்ட இடமும் உற்று நோக்குவார்க்குத் தெரியும். உலகில் அதனைப் போல மற்றொரு கோடு இல்லை. இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் என்னும் விலையுயர்ந்த காரின் பக்கத்தில் ஓடும் கோட்டையும் கையாலேயே தீட்டுகின்றனர். எந்திரம் ஆயிரம் கோடுகளை ஒன்றுபோல் தரும். கை, ஒன்றை ஒன்றாகவே தரும். அந்த ஒன்றுக்கு மதிப்பு உள்ளவரையில் அத்தொழிலும் உள்ளது.

இங்கே ஒரு தடையை மறைக்காமல் கூறுவது அறமாகும். ரெடிச் நகரத் தொழிலாளரும் கைத்திறன் உடையவரே. அவர்கள் கை தவறியதால் தொழிற்சாலை மூடப்படவில்லை. நிறுவனத்தின் பொருள்நிலையும் சந்தையின் போக்கும் அவர்களுடைய வேலையைப் பறித்தன. ஆகவே, தொழிலைக் கற்றவனுக்குத் துன்பமே வராது என்று சொல்வது மெய்யாகாது. திறமை, நாற்காலியைக் காக்கும் வேலியன்று. அது நாற்காலியில் அமர்ந்திருப்பவனோடு எழுந்து செல்லும் செல்வம். வேலி சாய்ந்தாலும் செல்வம் அவனிடமே இருக்கும். ஆனால் அதைக்கொண்டு வேறொரு வேலியை அவன்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

அதற்குத் துணைசெய்வது எது? தொழிலின்மேல் கொண்ட அன்பே. கூலிக்காக மட்டும் செய்பவனுக்கு, கற்றது போதும் என்ற எண்ணம் விரைவில் வந்துவிடுகிறது. அன்போடு செய்பவனுக்கு அது வருவதில்லை. தூரிகை பிடிப்பவன் வண்ணத்தின் இயல்பை அறிய விரும்புவான்; வண்ணத்தை அறிந்தவன் தகட்டின் இயல்பை அறிய விரும்புவான். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாக அவன் அறிவு கிளைக்கும். ஒரு கிளை முறிந்தால் மற்றொரு கிளை அவனைத் தாங்கும்.

ஜப்பான் நாட்டு மிட்சுரு கவாய் என்பவரின் வாழ்க்கை இதற்குச் சான்று. பதினைந்து வயதில் டொயோட்டா நிறுவனத்தின் தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர் அவர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். பழுக்கக் காய்ந்த இரும்பை அடித்து உருவாக்கும் பகுதியில் தொழிலாளியாகத் தொடங்கினார். படிப்படியாக உயர்ந்து, 2017-இல் அப்பெருநிறுவனத்தின் செயல் துணைத்தலைவர்களுள் ஒருவரானார். உயர்ந்த பின்னர் அவர் செய்தது வியப்புக்குரியது. தானே இயங்கும் எந்திரங்கள் நிறைந்த அத்தொழிற்சாலையில், சில பகுதிகளில் மீண்டும் மனிதரைக் கையால் வேலை செய்யச் சொன்னார். எந்திரத்துக்குத் தானாக அறிவு வளராது; கையால் செய்யத் தெரிந்தவனே எந்திரத்தைத் திருத்துவான் என்பது அவர் கொள்கை. எந்திரத்துக்கு அஞ்சி ஓடியவரல்லர். எந்திரத்துக்கு ஆசிரியராக நின்றவர் அவர்.

பள்ளிப் படிப்பை முடித்து வெளிவரும் இளைஞர் முன் இன்று இரண்டு வழிகள் தோன்றுகின்றன. ஒன்று, நாளையே சம்பளம் தரும் வேலை; ஒரு வாரத்தில் கற்றுவிடலாம், ஓராண்டில் இழந்தும் விடலாம். மற்றொன்று, ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்திலோ, தொழில் தேர்ந்த ஒருவரின் அருகிலோ அமர்ந்து, பிட்டர், டர்னர், வெல்டர், மின்பணியாளர் என்று ஏதேனும் ஒரு தொழிலை முழுமையாகக் கற்கும் வழி. பின்னது மெல்லச் செல்லும். தொடக்கத்தில் கிடைக்கும் உதவித்தொகையும் சிறிது. வறுமை வீட்டுவாயிலில் நிற்கும்போது முன்னதைத் தேர்ந்தவரை யாரும் குறைகூற இயலாது. ஆயினும் அவரும் தம் வேலையைச் செய்துகொண்டே அதன் அடுத்த படியைக் கற்க வழி தேடலாம். பக்கத்து எந்திரம் எவ்வாறு ஓடுகிறது என்று கேட்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

அன்பு வேண்டும் என்பதனால் அறியாமை வேண்டும் என்பது பொருளன்று. தொழிலை நேசிப்பவன் தன் உழைப்பின் விலையையும் அறிந்திருத்தல் வேண்டும். தொழில் பழகுநருக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் அளிக்க வேண்டும் என்பதற்காகவே 1961-இல் பயிற்சியாளர் சட்டம் இயற்றப்பட்டது. பழகுநர் என்ற பெயரை மட்டும் கொடுத்து, எதையும் கற்பிக்காமல் மலிவான கூலியாளாக வைத்துக்கொள்ளும் இடத்தை விட்டு விலகுவதற்கும் துணிவு வேண்டும். ‘தொழில்மேல் ஆசை உள்ளவன், குறைவாகக் கொடுத்தாலும் செய்வான்’ என்று பிறர் எண்ணுமாறு நடந்துகொள்வது தொழிலுக்குச் செய்யும் தொண்டன்று. உரிய ஊதியம் கேட்பவனே அடுத்த தலைமுறையும் அத்தொழிலுக்கு வர வழிசெய்பவன் ஆகிறான்.

கடமை தொழிலாளியோடு முடிவதுமில்லை. கையில் ஊறிய அறிவு, கற்பிக்க ஆளின்றேல் அக்கையோடு அழியும். ஒரு தலைமுறை கற்பிக்கத் தவறினால், அதனைப் பின்னர் எந்நாட்டிலிருந்தும் விலைக்கு வாங்க இயலாது. ஆதலின் தொழில் தேர்ந்தவன் தன் அருகில் ஒருவனை அமர்த்திப் பழக்குதல் வேண்டும். தொழிற்சாலை அதற்குரிய நேரத்தை ஒதுக்குதல் வேண்டும். சமுதாயம் அத்தொழிலுக்குரிய மதிப்பை அளித்தல் வேண்டும். எண்ணெய் படிந்த சட்டையைக் கண்டு முகம் சுளிக்கும் ஊரில் நல்ல தொழிலாளர் எவ்வாறு தோன்றுவர்?

மாலையில் சிங்கப்பெருமாள் கோவில் நாற்சந்தியில் மீண்டும் பேருந்துகள் வந்து நிற்கின்றன. காலையில் சென்றவர் களைத்து இறங்குகின்றனர். அவருள் சிலருடைய விரல்நுனியில் வண்ணம் ஒட்டியிருக்கும். சிலருடைய உள்ளங்கை காய்த்திருக்கும். நாளை எந்தத் தொழிற்சாலை வரும், எது போகும் என்பதை அவர்களுள் எவரும் அறியார். குன்றின்மேல் விளக்கேற்றுகின்றனர். குகையில் அர்ச்சகர் தீபத்தை உயர்த்திக் காட்டும்போது, பெயரறியாச் சிற்பியின் உளி சென்ற தடம் ஒரு கணம் ஒளிர்கிறது.

அவனுக்கு வேலை கொடுத்த அரசு இன்று இல்லை. அவன் கையில் இருந்த தொழிலை எவரும் அவனிடமிருந்து வாங்கிக்கொள்ளவும் இல்லை. வேலை பிறர் தருவது, பிறர் எடுத்துக்கொள்வது. தொழிலோ, விரும்பிக் கற்றவனுக்கே உரியது.